நூதனசாலையில் யாருடைய குரல் ஒலிக்க வேண்டும்?

"வேடர்கள் வேட்டையாடி வாழ்ந்தனர்" என்று ஒரு காட்சிப் பொருளின் கீழ் எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மாணவர்களே, இவ்வாக்கியத்தின் வினைமுற்றைக் கவனியுங்கள். அது இறந்தகாலத்தைக் காட்டுகின்றது. ஆனால் தம்பானை, ரத்துகல, பொல்லெபெத்த ஆகிய இடங்களில் வேடர் சமூகத்தவர் இன்றும் வாழ்கின்றனர். வாகரை, மூதூர் ஆகிய கரையோரப் பிரதேசங்களில் வாழும் வேடர்கள் நம்மைப் போலத் தமிழே பேசுகின்றனர். உயிரோடு இருப்பவர்களை இறந்தகாலத்தில் எழுதும் தவறு, அவர்களிடம் கேளாமல் எழுதுவதனாலேயே நேர்கின்றது. எனவே, ஒரு சமூகத்தின் மரபுரிமையைக் காட்சிப்படுத்தும் நூதனசாலை அச்சமூகத்தைத் தன் தீர்மானங்களிற் பங்காளியாக்க வேண்டும் என்பதே எனது கருத்தாகும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று. கனடாவின் மேற்குக் கரையில் வாழும் குவாக்குவாக்கவாக் எனும் ஆதிக்குடியினரின் அனுபவம் இதற்குச் சான்றாகும். விருந்தளித்து, ஆடிப் பாடி, வந்தோருக்குப் பொருள்களை வாரி வழங்கும் 'பொட்லாச்' எனும் சடங்கு அவர்களது சமூக வாழ்வின் உயிர்நாடியாகும். இதனைக் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டத்தினால் தடைசெய்திருந்தது. 1921 டிசம்பரில் நடந்த பெரிய பொட்லாச் ஒன்றிற் பங்குபற்றியோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. சிலர் சிறை சென்றனர். ஏனையோர் சிறைத் தண்டனையிலிருந்து தப்புவதற்காகத் தமது முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைக்க நேர்ந்தது. அவற்றுட் பல ஒட்டாவா, ரொறன்ரோ நகரங்களின் நூதனசாலைகளைச் சென்றடைந்தன.

நீண்டகால முயற்சியின் பின்னர் அவற்றிற் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. அவற்றை வைப்பதற்காக அலேர்ட் பே எனும் சிற்றூரில் 1980 இல் உமிஸ்தா பண்பாட்டு நிலையம் திறக்கப்பட்டது. பகைவரிடம் சிறைப்பட்டவர் வீடு திரும்புவதையே 'உமிஸ்தா' என்ற சொல் குறிக்கும். அங்கு முகமூடிகள் கண்ணாடிப் பெட்டிகளுட் பூட்டப்படாமல், சடங்கில் அவை தோன்றும் ஒழுங்கிலேயே வைக்கப்பட்டன. அந்த ஒழுங்கு வெளியூர் நிபுணருக்குத் தெரிந்திராது. சடங்குக்கு உரியவர்களுக்கே அது தெரியும்.

நமது நாட்டு வேடர்களும் இத்தகைய இழப்பை அறிந்தவர்களே. அவர்களது மூதாதையரின் ஒன்பது மண்டையோடுகள் ஸ்கொட்லாந்தின் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தன. 2019 நவம்பரிலேயே அவை வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோவிடம் கையளிக்கப்பட்டன. ஆய்வாளருக்கு அவை மாதிரிகள். அச்சமூகத்துக்கோ முன்னோரின் எச்சங்கள்.

"நூதனசாலையை நடத்துவது பயிற்சி பெற்றோரின் தொழில், சமூகத்தவரிடம் விட்டால் தற்பெருமையே மிஞ்சும்" எனச் சிலர் வாதிடலாம். பொருள்களை ஈரப்பதனிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் காப்பதற்குப் பயிற்சி தேவை என்பது உண்மையே. ஆயினும் பங்காளித்துவம் என்பது நிபுணரை வெளியேற்றுவதன்று. அவருக்கு அருகில் இன்னொரு கதிரையைப் போடுவதாகும். இரு தரப்பினரும் உடன்படாத இடத்தில் இருவர் கருத்தையும் எழுதி வைக்கலாம். அதனால் வரலாறு குறைந்துவிடாது.

திறப்பு விழாவுக்கு மட்டும் அழைத்து, மாலை அணிவித்து, நிழற்படம் எடுத்து அனுப்பிவிடுவதும் பங்காளித்துவம் ஆகாது. எதைக் காட்டுவது, எதைக் காட்டாது விடுவது, எம்மொழியில் விளக்குவது, கிடைக்கும் வருமானத்தை எவ்வாறு பகிர்வது என்பவற்றில் அவர்களது சொல்லுக்கு நிறை இருக்க வேண்டும். 'வேண்டாம்' என்று கூறும் உரிமையும் அதனுள் அடங்கும்.

மாணவர்களே, அடுத்த முறை சுற்றுலாவின்போது நூதனசாலைக்குச் சென்றால் பொருள்களைப் பார்த்து வியப்பதுடன் நின்றுவிடாதீர்கள். அவற்றின் கீழுள்ள குறிப்பை எழுதியவர் யார், அதில் வரும் மக்களிடம் அவர் கேட்டாரா என்று உங்கள் ஆசிரியரிடமும் அங்குள்ள அலுவலரிடமும் வினவுங்கள். இவ்வினாவை மாணவர் பலர் எழுப்பினால், 'வாழ்ந்தனர்' என்பது ஒரு நாள் 'வாழ்கின்றோம்' என மாறும்.