10 வெட்டினா 13 ஓடும்!

பைக் வாங்கின மறுநாளே ஹேண்டில்பாரைக் கழட்டி வேற ஒண்ணு மாட்டுற கோஷ்டி உங்க கிளாஸ்லயும் இருக்கும். இந்த வியாதி ரோட்டோட நிக்கலை பாஸ். அமெரிக்காவுல தண்ணியில ஓடுற வண்டிக்கும் இதே கதிதான். அங்கே ஹேண்டிலை மட்டுமில்ல, அது உட்கார்ந்திருக்கிற தண்டையே அறுக்கிறாங்க!

நான் சொல்றது நின்னுக்கிட்டே ஓட்டுற ஜெட் ஸ்கீ. சீட் கிடையாது. வண்டியோட மூக்குப் பக்கம் ஒரு கீல். அதுல இருந்து நீளமான தண்டு ஒண்ணு பின்னாடி வரும், அதன் முனையில ஹேண்டில். தண்டு மேலும் கீழும் ஆடும். அதைப் பிடிச்சுக்கிட்டு நீங்க பின்னாடி நிக்கணும். மோட்டோகிராஸ் ரேஸர் கிளேட்டன் ஜேக்கப்சனோட ஐடியா இது. 1973-ல் கவாஸாகி கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1990-ல் யமஹாவோட சூப்பர்ஜெட் வந்தது.

சரி, நல்லா இருக்கிற தண்டை எதுக்கு அறுக்கணும்? அலையில ஏறி அந்தர்பல்டி அடிக்கிற ஃப்ரீஸ்டைல் பார்ட்டிகளுக்கு வண்டியோட மூக்கு சட்டுனு எழும்பணும். இங்கேதான் நாம தூங்கிக்கிட்டே பாஸான இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் எட்டிப் பார்க்குது. தண்டுக்கு ஒரு முனையில கீல், இன்னொரு முனையில உங்க கை. அதனால நீங்க இழுக்கிற விசை கிட்டத்தட்ட முழுசா தண்டோட திசையிலதான் போகும். தண்டு எவ்வளவு செங்குத்தா நிக்குதோ, மூக்கு அவ்வளவு நல்லா தூக்கும்.

ஒரு கணக்கு போடலாம். தண்டு 100 செ.மீ., உங்க கை கீலைவிட 60 செ.மீ. உயரத்துல இருக்குனு வைங்க. 30 கிலோ இழுத்தா, மேல தூக்குற பங்கு 18 கிலோ. தண்டை 90 செ.மீ. ஆக்கினா அதே இழுப்புக்கு 20 கிலோ. பரவாயில்லையே!

ஆனா பைதாகரஸ் சும்மா விடமாட்டார். கீல்ல இருந்து ஹேண்டில் வரைக்கும் படுக்கை தூரம் முதல்ல 80 செ.மீ. இருந்தது, இப்போ 67 தான். வெட்டினது 10, ஹேண்டில் உங்களை விட்டு ஓடிப்போனது 13! நெட்டையா இருக்கிறவங்க குனிஞ்சே ஓட்டணும், முதுகு பில் அனுப்பும். தண்ணியில விழுந்து பின்பக்கமா ஏறும்போது கையை இன்னும் எட்டி நீட்டணும். பல்டியே அடிக்காம ஏரியில நேரா பறக்கிற ஆளுக்கு இது வீண் வேலைங்கிறது என் கட்சி.

அடுத்து அறுவை சிகிச்சை. அலுமினியத் தண்டுன்னா வெல்டிங்ல மாட்டிக்குவீங்க. 6061-டி6 மாதிரி சூடேத்தி பதப்படுத்தின அலுமினியத்தை வெல்டிங் பண்ணினா, ஒட்டுக்குப் பக்கத்துல அது வளையாம தாங்குற பலம் பாதிக்கும் கீழே இறங்கிடும். திரும்பப் பதப்படுத்தாம விட்டா, ஒட்டு வெளியே பளபளன்னு இருக்கும், பக்கத்துல உலோகம் சவசவன்னு இருக்கும். ஃபைபர் தண்டுல வேற தலைவலி. அறுத்த ரெண்டு முனையையும் முட்ட வெச்சு ஒட்டினா நிக்காது. இழைகள் ஒண்ணு மேல ஒண்ணு நீளமா படியணும். அலை மேல இருந்து இறங்குறப்போ உங்க மொத்த எடையும் சாயப்போறது அந்த இடத்துலதான். 2017-ல் வந்த கவாஸாகி எஸ்எக்ஸ்-ஆர் மட்டுமே சுமார் 250 கிலோ. அது கையை விட்டுப் போச்சுன்னா எங்கே வந்து விழும்னு யோசிங்க.

அதனால என் ஓட்டு, கடையில கிடைக்கிற ரெடிமேட் குட்டைத் தண்டுக்குத்தான். பழசைக் கழட்டி பத்திரமா வெச்சுக்கலாம். பிடிக்கலையா, திரும்ப மாட்டிக்கலாம். அறுத்ததை வளர்க்க முடியாது.

எந்தத் தண்டா இருந்தாலும் கேபிளை மறந்துடாதீங்க. ஸ்டீயரிங் கேபிளும் ஆக்ஸிலரேட்டர் கேபிளும் தண்டு வழியாத்தான் ஓடுது. தண்டு குட்டையானா கேபிள் மிச்சமாகும். அதை மடக்கித் திணிச்சா ஸ்டீயரிங் இறுகும். ரொம்ப இழுத்துக் கட்டினா ஹேண்டிலைத் திருப்பும்போது இன்ஜின் தானா சீறும். விரலை எடுத்தா வேகத்தோட திரும்புற சக்தியும் போயிடும், ஏன்னா இதுக்கு சுக்கான் கிடையாது, பின்னாடி பீச்சுற தண்ணிதான் வண்டியைத் திருப்புது.

கரையிலயே டெஸ்ட் பண்ணிடலாம். இன்ஜின் ஆஃப். தண்டை முழுசா தூக்கி ஒரு தடவை, முழுசா இறக்கி ஒரு தடவை, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஆக்ஸிலரேட்டர் லிவரை அழுத்தி விடுங்க. ஒவ்வொரு தடவையும் 'டக்'குனு தானா திரும்பணும். அப்புறம் இன்ஜினை நிறுத்துற கயிறை மணிக்கட்டுல மாட்டிக்கிட்டு இறங்குங்க.