பாடலாம், படியெடுக்கலாமா?

தேவாலயத்திலே பாடப்படும் பாடல் ஆண்டவனுக்கே உரியது; அதற்கு மனிதன் விலை கேட்பதா என வினவுவோர் உளர். பக்தியில் எழும் வினாவே எனினும், நீதியின் தராசிலே அது நிற்குமா?

அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. வழிபாட்டுத் தலத்தில், வழிபாட்டின்போது ஒரு பாடலைப் பாட எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால், அப்பாடலைப் படியெடுத்துச் சபையோருக்கு வழங்க அச்சலுகை இடமளிக்கவில்லை. நாவுக்கு விலக்கு உண்டு, அச்சுப்பொறிக்கு இல்லை.

இவ்வேறுபாட்டைப் புறக்கணித்ததன் விளைவைச் சிக்காகோ கண்டது. பாடல் வெளியீட்டு நிறுவனமொன்று அந்நகரின் கத்தோலிக்க ஆயர்பீடத்துக்கு எதிராக வழக்காடியது. 1984இல் யூரர்கள் முப்பது இலட்சம் டொலருக்கு மேல் நட்டஈடு விதித்தனர். 1985இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதன் பெரும்பகுதியைத் தள்ளியது உண்மையே. அதனால், அனுமதியின்றிப் படியெடுத்தல் நியாயமாகிவிடவில்லை.

ஏழைச் சபைகள் என்செய்யும் என்று கேட்கலாம். உரிமைக்காலம் கடந்த பழம்பாடல்கள் எவர்க்கும் பொது. புதுப்பாடல் வேண்டுவோர்க்கு, சபையின் அளவுக்கேற்ற ஆண்டுக் கட்டணத்தில் அனுமதி வழங்கும் ஏற்பாடு 1988 முதல் அந்நாட்டில் இருந்து வருகிறது. ஆகவே, வழியில்லை என்பது வாதமாகாது.

தேவாலயத்துக்குக் கல் செதுக்கியவனுக்குக் கூலி கொடுக்கிறோம். கூரை வேய்ந்தவனுக்கும் கொடுக்கிறோம். பாடல் இயற்றியவன் மட்டும் பசித்திருக்க வேண்டுமா? உழைத்தவனின் உரிமையைப் பறித்து இறைவனுக்குப் படைப்பது காணிக்கையாகாது என்பதே எமது துணிபு.