ஓடும்போது வந்து சேரும் நிரலை யார் சோதிப்பது?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மலேசிய நேரப்படி நண்பகல் 12.09க்கு அமெரிக்காவின் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தனது பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறிய கோப்பை இணையம் வழி அனுப்பியது. பிழை தெரிந்து 1.27க்கு அதை மீட்டுக்கொண்டது. இடைப்பட்ட 78 நிமிடங்களில் அக்கோப்பைப் பெற்ற விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டி முடங்கின. மைக்ரோசாப்ட் கணக்குப்படி அவை ஏறக்குறைய 85 லட்சம்.

நம் நாட்டில் ஏர் ஆசியாவின் பயணிகள் பதிவு முறையும் கேடிஎம் ரயில் டிக்கெட் முறையும் பாதிக்கப்பட்டன. ஐந்து அரசு அமைப்புகளும் ஒன்பது நிறுவனங்களும் பாதிக்கப்பட்டதாக இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ தெரிவித்தார். இழப்பீடு பற்றிப் பரிசீலிக்குமாறு கிரவுட்ஸ்டிரைக்கையும் மைக்ரோசாப்டையும் அவர் கேட்டுக்கொண்டார். செய்தி பழையதாகிவிட்டது. ஆனால், கணினியியல் படிக்கும் மாணவி என்ற முறையில், அது எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை என்றே நினைக்கிறேன்.

ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன்னுள்ளேயே வைத்திருப்பதில்லை. எங்கள் புக்கிட் காத்தில் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்றால் வீட்டுக்கு வீடு பெரிய அண்டா வாங்குவதில்லை. கோயில் அண்டாவை அன்றைக்கு எடுத்து வருவார்கள். மென்பொருளும் அப்படித்தான். பொதுவான நிரல் பகுதிகள் தனிக் கோப்புகளாக இருக்கும். இயங்கத் தொடங்கும்போதோ, இயங்கிக்கொண்டிருக்கும்போதோ மென்பொருள் அவற்றை நினைவகத்தில் ஏற்றி இணைத்துக்கொள்ளும். கணினி விளையாட்டைத் திறக்கும்போது 'டிஎல்எல் கோப்பு காணவில்லை' என்று வருகிறதே, அது இப்படி இரவல் கேட்டுக் கிடைக்காததன் அறிவிப்புதான்.

இதில் பெரிய நன்மை உண்டு. 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, அந்த ஒரு நூலகத்தை மாற்றி, அதைப் பகிர்ந்துகொண்ட மென்பொருள்களை மறுபடி இயக்கினாலே அந்த ஓட்டை அடைபட்டது. அண்டாவின் ஓட்டையை ஒருமுறை அடைத்தால் ஊருக்கே பயன். அண்டாவில் விஷம் கலந்தாலோ, ஊருக்கே ஆபத்து.

2024 மார்ச் 29 அன்று அந்த ஆபத்து கடைசி நேரத்தில் தெரியவந்தது. எஸ்எஸ்எச் வழி உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தில் ஒளித்து வைக்கப்பட்ட கள்ளக் கதவைக் கண்டுபிடித்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவரே அதை வைத்திருந்தார். எஸ்எஸ்எச்சுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. ஆனால் சில லினக்ஸ் வகைகளில் எஸ்எஸ்எச் இன்னொரு நூலகத்தை அழைக்க, அது எக்ஸ்இசட்டை உடன் இழுத்து வந்தது.

கிரவுட்ஸ்டிரைக் அனுப்பியது முழு நிரல் அல்ல. நிரல் படிக்கும் விதிகள் அடங்கிய கோப்பு. அந்த விதி 21ஆவது மதிப்பு ஒன்றைத் தேடச் சொன்னது. நிரலிடம் இருந்தவை 20தான். இல்லாத இடத்தைப் படிக்கப் போய்க் கணினி விழுந்தது. இயக்கமுறைமையின் உட்கருவில் ஓடும் மென்பொருள் என்பதால், தன்னோடு முழுக் கணினியையும் கவிழ்த்தது.

இனி நம் சட்டத்தைப் பார்ப்போம். 2024 ஆகஸ்டு 26 முதல் நடப்பில் உள்ள இணையப் பாதுகாப்புச் சட்டம் 11 முக்கியத் துறைகளை உள்ளடக்கியது. முக்கியக் கணினிக் கட்டமைப்பை வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இடர் மதிப்பீடும், ஈராண்டுக்கு ஒருமுறையாவது தணிக்கையும் செய்ய வேண்டும். இது தேவையான சட்டம். ஆயினும் ஜனவரியில் சோதித்த மென்பொருளும் ஜூலையில் ஓடும் மென்பொருளும் ஒன்றல்ல. இடையில் எத்தனையோ கோப்புகள் வந்து சேர்ந்திருக்கும்.

இலக்கவியல் கையொப்பம் இருந்தால் போதும் என்பார்கள். கிரவுட்ஸ்டிரைக் கோப்பை அனுப்பியது அந்த நிறுவனமேதான். எக்ஸ்இசட்டை வெளியிட்டதும் அதற்குரிய பொறுப்பாளர்தான். யார் அனுப்பினார் என்பதைத்தான் கையொப்பம் சொல்லும். அனுப்பியது நல்லதா என்று சொல்லாது.

ஆகவே இரண்டு பழக்கங்கள் கட்டாயமாக வேண்டும். ஒன்று, எந்த மென்பொருள் எதையெல்லாம் ஏற்றுகிறது என்ற பட்டியல். மற்றொன்று, புதுக் கோப்பு எதுவானாலும் முதலில் சில கணினிகளில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, இப்படிப் படிப்படியாக அனுப்புவதாக கிரவுட்ஸ்டிரைக்கும் அறிவித்தது.

டுரியான் துங்காலிலோ புக்கிட் பெருவாங்கிலோ நாளை கணினி படிக்கப்போகும் நண்பர்களே, லினக்ஸில் 'எல்டிடி' என்ற கட்டளை உண்டு. நீங்களே எழுதி நம்பும் நிரலின் பெயரை அதற்குக் கொடுத்துப் பாருங்கள். அது எத்தனை இரவலை நம்பி நிற்கிறது என்பது வரிவரியாகத் தெரியும்.