மலையைச் செதுக்கியவன் பங்கு எங்கே?

ஆறு பேர், ஏழு பேர், மிஞ்சினால் எட்டுப் பேர், அதற்குமேல் ஏற்றமாட்டார்கள். கூரை திறந்த ஜீப்பு. காலையிலே புறப்பட்டு, தார்ச்சாலையை விட்டு விலகி, மண்பாதையிலே குலுங்கி, மலைமுகட்டிலே ஏறி, மேகத்துக்குள்ளே புகுந்து வெளிவந்து, முடிவிலே ஒரு திராட்சைத் தோட்டத்தின் வாயிலிலே போய் நிற்கும். அங்கே மரப்பீப்பாய்கள் வரிசை வரிசையாக! மேசைமீது சின்னஞ்சிறு கோப்பைகள்! ஊற்றித் தருகிறார்கள், முகர்ந்து பார் என்கிறார்கள், நாவிலே உருட்டிச் சுவைத்துப் பார் என்கிறார்கள். போர்ச்சுகலுக்கு உரிய மதீரா என்னும் தீவிலே, சீமான்களும் சீமாட்டிகளும் விடுமுறையைக் கழிக்க வருகிறார்களே, அவர்களுக்காக நடக்கும் இன்ப உலா இது.

"அட்லாண்டிக் கடலிலே எவனோ ஜீப்பிலே போகிறான், எவனோ மது அருந்துகிறான். இதற்கும் ஆலையிலே வேர்வை சிந்தும் எனக்கும் என்ன உறவு? இதற்கு ஒரு தலையங்கமா?" என்று தோழர் ஒருவர் கேட்கக்கூடும். கேட்கட்டும், கேட்பதுதான் நம் பழக்கம்! மதுவின் மணத்தைப் புகழ நாம் வரவில்லை. அருந்துங்கள் என்று அழைக்கவும் இல்லை. அந்தச் சீமான் காசு கொடுத்து எதைப் பார்க்கிறான், அதைப் படைத்தவன் யார், படைத்தவனுக்குக் கிடைத்தது என்ன என்ற கணக்கைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம். அந்தக் கணக்கு, உழைப்பவன் எந்த நாட்டிலே இருந்தாலும் அவனுக்கு உறவான கணக்கு!

மதீரா ஒரு சிறு தீவு. நீளம் சுமார் 57 கிலோமீட்டர். அகலம் மிஞ்சினால் 22. ஆனால் உயரமோ 1862 மீட்டர்! கடலிலிருந்து நிமிர்ந்து எழுந்த எரிமலைப் பாறை. 1419-ல் போர்ச்சுகீசிய மாலுமிகள் அங்கே காலடி வைத்தபோது மனித வாடையே இல்லை. மரம், மரம், எங்கும் மரம்! 'மதீரா' என்றாலே போர்ச்சுகீசிய மொழியில் மரம் என்றுதான் பொருள். காட்டுக்குத் தீ வைத்தார்கள். நிலம் வேண்டுமென்று வைத்தார்கள். ஆண்டுக்கணக்கிலே எரிந்தது என்று கதையே உண்டு. எஞ்சிய காட்டைத்தான் 1999-ல் உலகப் பாரம்பரியச் சொத்து என்று யுனெஸ்கோ அறிவித்தது. சீமானின் ஜீப்பு அந்தக் காட்டோரமும் போகிறது.

காடு எரிந்தது, நிலம் கிடைத்ததா? நிலம் எங்கே இருக்கிறது அங்கே! செங்குத்துச் சரிவு. மண்ணைக் கொட்டினால் கடலிலே போய் விழும். ஆகவே கல்லை உடைத்தார்கள். கல்மேல் கல் அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சுவருக்குப் பின்னே கூடை கூடையாக மண் சுமந்து கொட்டினார்கள். ஒரு படி; அதற்குமேல் இன்னொரு படி; அதற்குமேல் மற்றொன்று. கடலோரத்திலிருந்து மேகம் தொடும் இடம்வரை படிப்படியாய், பச்சைப் பசேலென்று! 'போயோ' என்று அந்தப் படிகளுக்குப் பெயர். சில படிகளிலே ஒரு மாடு நின்று திரும்ப இடம் இருக்காது. ஏர் பூட்ட வழியில்லை. மண்வெட்டி ஒன்றே துணை.

தண்ணீர்? மழை பெய்வது வடக்கே, கரும்பும் திராட்சையும் விளைவது தெற்கே, நடுவே மலை. மலையைக் குடைந்தார்கள்! பாறையின் இடுப்பைச் சுற்றி வாய்க்கால் வெட்டினார்கள். 'லெவாடா' என்று அதற்குப் பெயர். இன்று அந்த வாய்க்கால்களின் நீளம் 2000 கிலோமீட்டருக்கும் மேல். தீவின் நீளமே 57 கிலோமீட்டர் என்பதை மறந்துவிடாதீர்கள், தோழர்களே! யார் வெட்டினார்கள்? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள், கனேரித் தீவுகளிலிருந்து இழுத்து வரப்பட்ட அடிமைகள், கைதிகள், பிற்காலத்திலே தினக்கூலிகள். உச்சியிலே மரத்தில் கயிற்றைக் கட்டி, கயிற்றின் முனையிலே கூடையைக் கட்டி, கூடைக்குள்ளே மனிதனை இறக்கி, பாதாளத்தின்மேல் தொங்கவிட்டுப் பாறையைக் கொத்தச் சொன்னார்கள். கயிறு அறுந்தால்? கீழே கடல்! சர்க்கரை ஐரோப்பாவுக்குப் போயிற்று. மாளிகை எழுந்தது. கூடையிலே தொங்கியவனுக்கு நடுகல்கூட இல்லை.

காமரா தி லோபோசு என்ற மீனவர் ஊரிலே 1950-ல் விருந்தாளியாக வந்த வின்ஸ்டன் சர்ச்சில் உட்கார்ந்து ஓவியம் தீட்டினார். அவர் அமர்ந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். காட்டட்டும், ஓவியர் ஒரு பொழுது உட்கார்ந்த இடத்துக்கு அடையாளம் இருக்கிறது. அவர் வரைந்த அந்தக் கரையின் பின்னே படிப்படியாக எழுகிறதே மலை, அதைத் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கியவனின் பெயர் எந்தப் பலகையிலே இருக்கிறது?

இனி, கதையின் கருவுக்கு வருவோம். அந்தத் தீவிலே நூற்றாண்டுக் கணக்கில் 'கொலோனியா' என்றொரு முறை இருந்தது. நம் நாட்டு வாரச் சாகுபடிக்கு அக்காள் என்று சொல்லலாம்! நிலம் மிராசுதாருக்குச் சொந்தம். உழுபவன் விளைச்சலிலே பாதியை அளக்கவேண்டும். இதுவரை நமக்குப் பழகிய பாட்டுத்தான். ஆனால் இதிலே ஒரு விந்தை கேளுங்கள். மண் மட்டுமே மிராசுதாருக்கு. மண்மேல் எழுந்த சுவர், நட்ட கொடி, வைத்த மரம், கட்டிய குடிசை எல்லாம் உழுதவனுக்கு! 'பென்பெய்டோரியா' என்று அவற்றைச் சொன்னார்கள். மேம்பாடு என்று பொருள். உழுதவனை வெளியேற்ற வேண்டுமானால் அவன் செய்த மேம்பாட்டுக்கு விலை கொடுக்கவேண்டும் என்பது முறை.

"அடடா, நியாயமான முறையாயிற்றே!" என்று அவசரப்படாதீர்கள். மிராசுதார் ஏமாளியா? என் அனுமதி இல்லாமல் சுவர் எழுப்பாதே, கொடி நடாதே, வீட்டைப் பெரிதாக்காதே என்று கட்டுப்பாடு! மேம்பாடு பெருகினால் விலை பெருகுமே! ஆகவே உழுதவன் குடிசை குடிசையாகவே இருந்தது. கல் சுமந்தவன் அவன். கல்லால் உயர்ந்தது மிராசுதாரின் வருமானம்.

இப்போது சொல்லுங்கள், தோழர்களே! ஜீப்பிலே வரும் சீமான் எதைப் பார்க்கக் காசு கொடுக்கிறான்? மிராசுதாரின் பத்திரத்திலே இருந்த மொட்டைப் பாறையையா? படிப்படியாய் இறங்கும் பசுமையை! பாறையிடுக்கிலே பாடிக்கொண்டு ஓடும் வாய்க்காலை! பந்தலிலே தொங்கும் திராட்சைக் குலையை! வாய்க்காலை அடிமையும் கூலியும் வெட்டினார்கள். படியும் பந்தலும், அந்தத் தீவின் பழைய முறைப்படியே பார்த்தாலும், உழுதவனின் சொத்து. புகைப்படத்திலே விழுவதெல்லாம் உழைப்பாளி செய்த மேம்பாடு! கோப்பையிலே விழுவதும் அதுவே! அப்படியிருக்க, பயணச் சீட்டின் விலையிலே அவன் பங்கு எங்கே என்று கேட்பது பொறாமையா? கணக்கு!

கோப்பையின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். மதீரா மது வெயிலிலே வெந்து பிறந்தது. அந்நாளிலே பீப்பாய்களைக் கப்பலின் அடித்தட்டிலே ஏற்றி இந்தியாவரை அனுப்புவார்கள். பூமத்திய ரேகையைக் கடந்து, வெப்பத்திலே வெந்து, அலையிலே குலுங்கி, விற்காமல் திரும்பி வந்த பீப்பாயிலே சுவை கூடியிருந்தது! அதற்குப் பிறகு, சுவைக்காகவே பீப்பாயை உலகம் சுற்ற வைத்தார்கள். செலவு கட்டவில்லை, ஊரிலேயே சூட்டறை கட்டினார்கள். இன்றும் ஒருவகை மதுவை 45 முதல் 50 பாகை வெப்பத்திலே குறைந்தது மூன்று மாதம் வைக்கிறார்கள். உயர்ந்த வகையை வெயில் காயும் மாடியிலே மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்காக வைக்கிறார்கள். சாராயச் சத்து சேர்த்த மது. அதனால் பல பத்தாண்டுகள் ஆனாலும் கெடுவதில்லை.

பீப்பாய் கடல் கடந்து உல்லாசமாகப் போயிற்று. பிழிந்த சாறு மலையிலிருந்து துறைமுகத்துக்கு எப்படி வந்தது? 'பொராசெய்ரோ' என்ற சுமைக்காரர்கள், ஆட்டுத்தோல் பையிலே சாற்றை நிரப்பி, கழுத்திலே போட்டுக்கொண்டு, வரிசையாக மலைப்பாதையிலே இறங்கினார்கள். இன்று ஜீப்பு குலுங்கும்போது "ஆகா, என்ன சாகசம்!" என்று பயணிகள் ஆர்ப்பரிக்கிறார்கள். இத்தகைய மலையிலே தோலும் சாறுமாகச் சுமந்து இறங்கியவனுக்கு அது சாகசம் அல்ல, சாப்பாடு!

சாப்பாடாவது கிடைத்ததா? 1840-களிலே உருளைக்கிழங்கு நோய், பஞ்சம். 1852-ஐ ஒட்டிக் கொடிகளிலே சாம்பல் நோய். 1872-ல் வேரைத் தின்னும் பூச்சி. கொடி பட்டுப்போயிற்று, குடி பெயர்ந்தது. எங்கே போனார்கள்? இங்கேதான் நம் வீட்டுக் கதை குறுக்கிடுகிறது. பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள்! அடிமை முறை ஒழிந்ததும், மலிவான கை தேடிய தோட்ட முதலாளிகள் 1835-ல் மதீராக்காரர்களை இறக்கினார்கள். 1838-ல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள். 1845 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம்மவர்களையும் ஏற்றினார்கள். 1835-லிருந்து 1882-க்குள் கயானாவுக்குப் போன மதீராக்காரர்கள் ஏறத்தாழ 30,000 பேர். வெள்ளைத் தோல் அவனைக் காக்கவில்லை. காய்ச்சலிலே அவனும் செத்தான். பிழைத்தவர்களில் பலர் கடை வைத்தார்கள், மேலேறினார்கள். அது வேறு கதை. ஆனால் ஏற்றிச் சென்ற கை ஒன்று! கணக்கு எழுதிய பேனா ஒன்று!

இருந்தவர்கள் வாய்மூடி இருந்தார்களா? இல்லை! 1931-ல் சர்வாதிகாரத்தை எதிர்த்துத் தீவே எழுந்தது; வாரக்கணக்கிலே நின்றது; அடக்கப்பட்டது. 1936-ல் பால் வாணிபத்தை ஒரு சிலர் கையிலே கொடுத்த சட்டத்தை எதிர்த்து மாடு வளர்த்த ஏழைகள் எழுந்தார்கள். 1962-ல் பொந்தா தோ சோல் பகுதியிலே, "எங்கள் வாய்க்கால் நீரை எடுக்காதே" என்று உழவர்கள் காவல் நின்றார்கள்; காவல்துறை வந்தது; அந்த மோதலிலே ஓர் இளம்பெண் உயிர் நீத்தாள். 1974 ஏப்ரல் 25-ல் சர்வாதிகாரம் சரிந்தது. 1976-ல் வந்த அரசியல் சட்டம் கொலோனியா முறைக்கு முடிவு கட்டச் சொன்னது; தீவுக்குத் தன்னாட்சியும் தந்தது. அந்தத் தன்னாட்சி மன்றமே 1977-ல் சட்டம் இயற்றி, உழுதவன் விலை கொடுத்து மண்ணையும் தனதாக்கிக்கொள்ள வழி திறந்தது. நினைத்துப் பாருங்கள்: மனிதன் நிலவிலே நடந்து எட்டு ஆண்டு கழித்துத்தான் மதீராவின் உழவன், தான் சுமந்து கொட்டிய மண்ணுக்கு உடையவன் ஆகும் உரிமை பெற்றான், அதற்கும் விலை கொடுத்து!

"முறைதான் ஒழிந்ததே! பழங்கதை எதற்கு? பயணிகள் வந்தால் ஊருக்கு வருமானம்தானே?" என்று வாதிடுவார் உண்டு. வருமானம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெரும் பேருந்திலே நாற்பது பேரை அடைத்துக்கொண்டு வந்து கொட்டுவதைவிட, எட்டுப் பேர் ஜீப்பிலே வந்து ஊரைப் பார்ப்பது மேல்தான். வண்டி ஓட்டுபவனும் பெரும்பாலும் அந்தத் தீவின் மகன். அவன் பாட்டன் கல் சுமந்தவனாகவே இருப்பான். அவன் பிழைப்பிலே மண் போடுவது நம் நோக்கமல்ல.

ஆனால் படிகளைப் பாருங்கள்! இயந்திரம் ஏறமுடியாத இடம்; இன்றும் திராட்சையைக் கையாலேதான் பறிக்கவேண்டும்; சுவர் சரிந்தால் கையாலேதான் அடுக்கவேண்டும். துண்டு துண்டு நிலம். முதியவர் குனிந்து உழைக்கிறார். மகன் விடுதியிலே தட்டு ஏந்தப் போகிறான். கைவிட்ட படிகளிலே புதர் மண்டுகிறது, சுவர் சரிகிறது, மண் ஓடுகிறது. இன்னும் எத்தனை நாளைக்கு அந்தக் காட்சி இருக்கும்? காட்சியை விற்பவன் சுவரைக் கட்டவில்லை. சுவரைக் கட்டுபவன் காட்சியை விற்கவில்லை. இந்த இடைவெளியை அடைக்காவிட்டால், ஒருநாள் ஜீப்பு ஏறும். பார்ப்பதற்கு முள்ளும் புதரும் இருக்கும்!

ஆகவே மூன்று கோரிக்கைகளை அந்தத் தீவின் உழைப்பாளி எழுப்பினால் அவை முழுக்க நியாயம் என்போம். சீட்டின் விலையிலே ஒரு பகுதி, சுவரையும் வாய்க்காலையும் காப்பவன் கைக்கு நேராகப் போய்ச் சேரட்டும். கோப்பைக்கு வைக்கும் விலைக்குத் தக்கதாகக் குலைக்கும் விலை வைக்கட்டும். மூன்றாவது, காசு செலவில்லாதது: சுவைக்கும் மேசையிலே, பீப்பாயின் வயதைச் சொல்லும் அதே வாயால், கூடையிலே தொங்கியவன் கதையும், பாதி அளந்தவன் கதையும், வாய்க்காலுக்காக உயிர் நீத்த பெண்ணின் கதையும் சொல்லப்படட்டும். கேட்டபின் அந்த மது கசந்தால், கசக்கட்டும்!

தோழர்களே! அழகான இடம் என்று எவராவது உங்களுக்கு ஒன்றைக் காட்டினால், பார்த்து மகிழுங்கள், தவறில்லை. மகிழ்ந்தபின் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதிலே இயற்கை செய்தது எவ்வளவு, மனிதன் செய்தது எவ்வளவு, அந்த மனிதன் வீட்டிலே இன்று அடுப்பு எரிகிறதா? மண் யாருடையது என்று பத்திரம் சொல்லட்டும். மலை யாருடையது என்பதை அந்தச் சுவர் சொல்லும்!