சபைக்கு வர எத்தனை நாள்?

தூத்துக்குடியில் 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் பலியானார்கள். அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே 18-ல் இறுதி அறிக்கையை முதல்வரிடம் கொடுத்தது. சட்டசபையில் அது வைக்கப்பட்டது அக்டோபர் 18-ல். சரியாக ஐந்து மாதம்! சட்டப்படி இது தப்பில்லை. எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு ஆறு மாதத்துக்குள் வைத்தால் போதும் என்கிறது 1952-ம் வருட விசாரணை ஆணையச் சட்டம். ஆனால் ஆகஸ்டிலேயே ஒரு பத்திரிகையில் விஷயம் வெளிவந்துவிட்டது. எம்.எல்.ஏ.க்களுக்கு முன்பே டீக்கடைக்குத் தெரிந்துவிட்டது.

இதற்காவது ஒரு கெடு இருக்கிறது. தணிக்கை அறிக்கைக்கு அதுவும் இல்லை. மத்திய அரசின் கணக்கு என்றால் குடியரசுத் தலைவர் பாராளுமன்றத்திலும், மாநிலக் கணக்கு என்றால் கவர்னர் சட்டசபையிலும் வைக்கச் செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 151-வது பிரிவு. எப்போது? அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நடைமுறையில் நாள் குறிப்பது ஆளும் அரசுதான். டில்லியில் 14 தணிக்கை அறிக்கைகள் தேங்கிக் கிடந்து, 2025 பிப்ரவரியில் ஆட்சி மாறிய பிறகுதான் சபைக்கு வர ஆரம்பித்தன. பையன் கையில் ராங்க் கார்டைக் கொடுத்து, அப்பாவிடம் எப்போது காட்டுவது என்பதை நீயே முடிவு செய்துகொள் என்றால் எப்படி இருக்கும்?

என்னைக் கேட்டால், 30 நாள் போதும். அப்போது சபை நடக்கவில்லையா, அடுத்த கூட்டத்தின் முதல் நாளே வைக்கட்டும். இதை 151-லேயே எழுதிவிட வேண்டும். ஆணைய அறிக்கைக்கு நடவடிக்கைக் குறிப்பு தயாரிக்க நேரம் வேண்டும் என்று சொல்லலாம். தணிக்கை அறிக்கைக்கு அந்தச் சாக்கும் கிடையாது.