தள்ளுற கதவும் வெளக்கெண்ணெயும்

போன ஆடி மாசம் ஒரு நாள், ராத்திரி ரெண்டு மணி இருக்கும். அம்மா ரூமுல கதவைத் தட்டற சத்தம். போய்ப் பாத்தா கதவு ஒரு சாண் திறந்து அப்படியே நிக்குது. அம்மாவுக்கு எண்பத்தி ரெண்டு வயசு. பாத்ரூம் போக எந்திரிச்சவங்க கதவோட மல்லுக்கட்டி முடியாம உள்ளயே நின்னிருக்காங்க. சேலை நனைஞ்சு போச்சு. "ஒண்ணுமில்ல கண்ணு, நீ போய்ப் படு"ன்னாங்க. எனக்குத்தான் அப்புறம் தூக்கம் வரலை.

கதவு புடிக்குதுன்னு ஒரு மாசமா அவங்க சொல்லிட்டுத்தான் இருந்தாங்க. நான் தள்ளுனா நகர்ந்துரும். அதனால அதை ஒரு கோளாறாவே நான் எடுத்துக்கலை.

அலுமினிய ஸ்லைடிங் கதவுங்க. ரூம் சின்னது, கட்டில்ல இடிக்கக் கூடாதுன்னு பையன் போட்டான். அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இது அவிநாசிபாளையம். ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து காட்டு மண்ணையெல்லாம் வாரிட்டு வந்து ஊட்டுக்குள்ள கொட்டும். அந்தக் காத்தை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காத்தாடி நட்டு வச்சிருக்காங்க. பத்தாததுக்குப் பக்கத்துலயே தறிக்குடோன். பஞ்சு பறந்துட்டே இருக்கும்.

வந்து பாத்த ஆளு, கதவையே மாத்தணும், பதினாறாயிரம் ஆகும்னுட்டாரு. நான் ஒத்துக்கலை. பையனும் நானும் கதவை மேல தூக்கி, அடிப்பக்கத்தை உள்ள இழுத்துக் கழட்டினோம். கீழ் தண்டவாளம் பூரா கறுப்பா களி மாதிரி இருந்துச்சு. அதுல பாதி என் கைங்கரியம். அம்மா முதல்ல சொன்னப்போ வெளக்கெண்ணெய் விட்டது நாந்தானுங்களே! பழைய ஊட்டு மரக்கதவு கிறீச்சுன்னா குடுமியில ரெண்டு சொட்டு விடுவோம், சரியாயிரும். அதே வைத்தியத்தை இதுக்கும் பண்ணிப்போட்டேன். இதுல எண்ணெய் விட்டா மண்ணும் பஞ்சும் ஒட்டிக் களியாகுது. தண்ணி வடியற ஓட்டையும் அடைச்சிருந்துச்சு.

கத்தியில சுரண்டி, பழைய டூத் பிரஷ்ல தேச்சு, சோப்புத் தண்ணி விட்டுக் கழுவிக் காய வச்சோம். கதவுக்கு அடியில ரெண்டு சக்கரம் இருக்கும். ஒண்ணுல நூல் சுத்தி, சுத்தாமயே இழுபட்டுத் தேஞ்சிருந்துச்சு. அதையே மாதிரிக்கு எடுத்துட்டுப் போய் ஒரு ஜோடி வாங்கினேன். நூத்தி எண்பது ரூபாய். மாட்டுனதுக்கு அப்புறம் பக்கவாட்டுல இருக்கற திருகைத் திருகி ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குக் கொண்டு வரணும். இல்லைன்னா தாழ்ப்பா உக்காராது. எங்களுக்கு அதுக்கே ஒரு மணி நேரம் போச்சு.

டவுன்ல இருக்கறவங்க பால்கனிக் கதவும் இதே சங்கதிதான். வயசானவங்க புழங்கற கதவா இருந்தா உங்க பலத்தை வச்சுப் பாக்காதீங்க. ஒத்தை விரல்ல தள்ளிப் பாருங்க. நகரலைன்னா அது கெட்ட கதவு. புதுசாப் போடறதா இருந்தா, ஆஸ்பத்திரியில இருக்கற மாதிரி மேல தொங்கற கதவாப் போடுங்க. கீழ தண்டவாளம் இல்லாததால மண்ணும் சேராது, காலும் தட்டாது. காசு கூடத்தான் ஆகும். எனக்கும் கைக்கு எட்டலை, அதான் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பிரஷ்ஷைத் தூக்கிட்டு உக்காந்துக்கறேன்.

இப்ப அம்மா ஒத்தைக் கையில திறக்கறாங்க. பூனையும் தலையால முட்டித் திறந்துட்டு உள்ள வந்து அவங்க கால்மாட்டுல படுத்துக்குது. தொரத்தப் போனா அம்மா திட்டறாங்க.