அங்கத்தினர் பதிவேடும் கடவுச்சொல்லும்

நமது சங்கத்தின் புதிய வலைத்தளத்தில் அங்கத்தினர் யாவரும் தத்தம் பெயரைப் பதிந்து கொள்ள வேண்டுமென்று சென்ற இதழில் கேட்டுக் கொண்டிருந்தோம். அதனைப் படித்த அன்பர் ஒருவர், "நாங்கள் கொடுக்கும் கடவுச்சொல்லை நீங்கள் பார்ப்பீர்களா?" என்று வினவினார். நியாயமான வினா. "பார்க்க மாட்டோம்" என்று சொல்வது போதாது. "பார்க்க இயலாது" என்று சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும். அந்நிலைக்கு நாம் வந்து சேர்ந்த வரலாறு சிறிது வெட்கத்துக்குரியது. எனினும் மறைக்காமல் சொல்லி விடுகிறோம்.

மெட்ரிகுலேஷனுக்கு மேல் படியாத நாம், தம்பானூரில் அலுவல் முடிந்த மாலை வேளைகளில் பி.எச்.பி. மொழியைத் தட்டுத் தடுமாறிக் கற்றோம். ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தம் சொந்த வலைப்பக்கத்துக்கெனச் செய்து 1995-இல் வெளியிட்ட சிறு கருவிகளே அதன் தொடக்கம். கற்பது எளிது, தவறு செய்வதும் எளிது. சங்கத்தின் பதிவேட்டை முதலில் நாமே எழுதினோம். பெயர், முகவரி, தொலைபேசி எண், அவற்றுக்கு அடுத்த கட்டத்தில் கடவுச்சொல், எழுத்துக்கு எழுத்து அப்படியே!

ஒரு நாள் மாலை, சாலைக் கடைத்தெருப் பக்கம் குடியிருக்கும் மூதாட்டி ஒருவர், கடவுச்சொல் மறந்து போயிற்று என்று தொலைபேசியில் சொன்னார். பெரிய உதவி செய்வதாக எண்ணிக் கொண்டு பதிவேட்டைத் திறந்து வாசித்தோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "தம்பி, அது எம் பிள்ளையோட செல்லப் பேரு. அவன் போய்ப் பதினெட்டு வருசமாச்சு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார். சிறிது பொறுத்து, "பேங்குக்கும் அதைத்தானே வச்சிருக்கேன்" என்றும் சொன்னார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

இத்தவறு உலகில் நம்மோடு தொடங்கியதன்று. பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுக் கொள்ளும் ஏற்பாட்டை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் 1960-களின் தொடக்கத்தில் அமைத்தபோது, கடவுச்சொற்கள் யாவும் ஒரே கோப்பில் பச்சையாகவே இருந்தன. தமக்குக் கணினி நேரம் போதவில்லையென்று ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர் 1962-இல் அக்கோப்பை அச்சிட்டு எடுத்துக் கொண்டார். 1966-இல் இரண்டு கோப்புகள் இடம் மாறி, உள்ளே நுழைந்தவர்க்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் காட்சியளித்தன. கற்றறிந்தோருக்கே அக்கதி!

டெக்னோபார்க்கில் பணியாற்றும் நம் அன்பர் மகன் ஒருவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "மாமா, இதையெல்லாம் கையால எழுதக் கூடாது" என்று கடிந்து கொண்டு, லாரவெல் என்ற சட்டகத்தை நிறுவித் தந்தார். டெய்லர் ஆட்வெல் 2011-இல் வெளியிட்ட இது, பி.எச்.பி.யில் கட்டப்படும் தளங்களுக்குத் தூணும் உத்திரமும் போன்றது, விலையில்லை. அதனுடன் கிடைக்கும் தொடக்கத் தொகுப்பில் பதிவு, உள்நுழைவு, மறந்த கடவுச்சொல்லை மாற்றுதல் ஆகியவை ஆயத்தமாகவே உள்ளன. கட்டளை ஒன்றைத் தட்டினால் பயனர் அட்டவணை உருவாகி விடுகின்றது.

கடவுச்சொல் அதில் எவ்வாறு சேமிக்கப்படுகின்றது? அரிசியை அரைத்து மாவாக்கலாம்; மாவிலிருந்து அரிசியை மீட்க முடியுமா? 1999-இல் நீல்ஸ் ப்ரோவோஸ், டேவிட் மாசியேர் இருவரும் வகுத்த பீகிரிப்ட் என்னும் முறை, நீங்கள் தட்டும் சொல்லை அரைத்து 60 எழுத்துக் கொண்ட பொருளற்ற தொடராக்குகின்றது. அரைக்கும்போது ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு துணுக்கு ஒன்று சேர்க்கப்படும். அதற்கு உப்பு என்றே பெயர்! ஆகவே இருவர் ஒரே சொல்லை வைத்தாலும் மாவு வேறாகும். நீங்கள் மீண்டும் நுழையும்போது, தட்டிய சொல்லை அதே உப்புடன் அரைத்துப் பார்த்து, பழைய மாவோடு ஒத்திருந்தால் கதவு திறக்கும். இவ்வரைப்பு வேண்டுமென்றே மெதுவாக நடக்கின்றது. நமக்கு அது ஒரு கணம். கோடிக்கணக்கான சொற்களை வரிசையாகச் சோதிக்கும் திருடனுக்கோ பெருந்தடை.

இவ்வளவும் சட்டகம் தானே செய்து விட்டது. அதனால் தீராத சிக்கல் ஒன்று நம் குடும்பங்களில் இருந்தது. லாரவெல் ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கணக்குத்தான் தரும். நம்மவர் வீடுகளிலோ மின்னஞ்சல் என்றால் அது ஐயா ஒருவருடையது. ஓர் அம்மையார் சங்க நூலகத்தில் புத்தகம் கேட்டுப் பதிய முயன்றார். அம்முகவரி முன்னரே உள்ளது என்று தளம் மறுத்தது. கணவரின் கணக்கில் நுழையலாமென்றால் கடவுச்சொல் தெரியாது. அதை மாற்றும் இணைப்பு துபாயில் வேலையிலிருந்த கணவருக்குப் போயிற்று. அவர் பணி முடிந்து பார்ப்பதற்குள் அதற்குரிய 60 நிமிடம் கடந்து விட்டது. மனைவி நூல் வாங்கக் கடல் கடந்து அனுமதி வர வேண்டியிருந்தது!

ரேஷன் அட்டை மனப்பான்மையில் வீட்டுக்கு ஒரு கணக்கு என்று நாம் எண்ணியது பிழை. எனவே குடும்பங்களுக்குத் தனி அட்டவணையும், அதனோடு இணைந்த ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் அமைத்தோம். மின்னஞ்சல் கட்டாயமில்லை, அங்கத்தினர் எண்ணே பயனர் பெயர். மீட்பு இணைப்பு அவரவர் தொலைபேசிக்கு வரும். தொலைபேசி இல்லாதவர் நேரில் வந்து பதிவறைக் கணினியிலேயே மாற்றிக் கொள்ளலாம்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் பிரித்திருக்கிறோம். பொருளாளருக்குச் சந்தா தெரியும், நூலகருக்குப் புத்தகக் கணக்குத் தெரியும்; ஒருவர் ஏட்டை மற்றவர் திறக்க முடியாது. பயணச்சீட்டு வழங்கும் ஜன்னலில் ஒருவர் பெயரில் மற்றொருவர் அமர்ந்து சீட்டு விற்கலாகாது என்பதை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கிற்று. ஆதார் எண் கேட்கவில்லை. 2025 ஜூலை 1 முதல் தட்கல் சீட்டுக்கு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்பது தரகர் தொல்லையைத் தடுக்க. பொங்கல் விழாச் செய்தி படிக்க அது எதற்கு?

பழைய பதிவேட்டின் கடவுச்சொற் கட்டத்தை அழித்தோம். பென் டிரைவில் நகல் ஒன்று இருந்ததை மறுநாள்தான் நினைவு கூர்ந்து அதனையும் அழித்தோம். மூதாட்டியை வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்றச் சொன்னோம். சென்ற ஞாயிறன்று அவர் பேத்தியுடன் வந்து, புதிய சொல்லைத் தாமே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். நாம் எழுந்து போய்ச் சன்னல் பக்கம் நின்றோம்.

பழைய கணக்கு வைத்திருந்த அனைவரும் புதிதாகப் பதிய வேண்டும். ஞாயிறு காலை 10 முதல் 12 வரை பதிவறையில் இருப்போம். கணவர் மட்டும் வந்து இருவருக்கும் பதிந்து செல்ல இயலாது. அம்மையாரும் உடன் வரவும்.